எங்கும் இருக்கிறார் என்று யாரிடம் சொல்வது?

(பெங்களூரு அல்சூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கடவுள் எங்கும் நிறைந்தவர்" என்று இங்கே சொன்னால் யாரும் எழுந்து மறுக்கப்போவதில்லை. பின்வரிசையில் நாத்திக நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள்கூட முதல் சொல்லைத்தான் மறுப்பார்கள், பின்னால் வருவதை அல்ல. நம் சோமேசுவரர் கோயிலில் கேட்டாலும், ஏரிக்கரைக் குருத்வாராவில் கேட்டாலும், எம்.ஜி. ரோடு முடிகிற இடத்தில் 1851இல் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் கட்டிய டிரினிட்டி சர்ச்சில் கேட்டாலும் ஒரே பதில்தான். தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார் என்பது நம் பேச்சில் ஊறிப்போனது. ஊரே ஒப்புக்கொண்ட விஷயம் என்பதாலேயே அதை யாரும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதில்லை. இன்று மாலை அதைக் கிறித்தவ இறையியலின் பக்கமிருந்து கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஆறு இலட்சண மந்திரம் தெரியும். சாயங்கால செபத்தில் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பது. கடவுளுக்கு ஆறு இலட்சணங்கள். அவற்றில் ஒன்று எங்கும் வியாபித்திருப்பது, இன்னொன்று சரீரம் இல்லாமல் இருப்பது. ஒப்பிக்கும் வேகத்தில் இரண்டும் தனித்தனியாக ஓடிவிடும். உண்மையில் இரண்டாவதைப் பிடிக்காமல் முதலாவது புரியாது. உடம்பு உள்ளதற்குத்தான் "இங்கே, அங்கே" உண்டு. நான் இந்த மேடையில் நிற்பதால் சிவாஜிநகரில் இல்லை. உடம்பில்லாத ஒருவரைப் பற்றி "எந்த இடத்தில்" என்று கேட்பதே உடம்புக்காரர்களின் கேள்வி.

ஆனாலும் மனம் விடுவதில்லை. எங்கும் இருக்கிறார் என்றதும் சாம்பிராணிப் புகை வீடெல்லாம் பரவுவதுபோல ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறோம். புனித அகுஸ்தினாருக்கும் இளமையில் இதே தொல்லை இருந்தது. கடவுளை எல்லையில்லாமல் விரிந்த ஒரு நுண்பொருளாக நினைத்திருந்ததைத் தம் 'பாவ அறிக்கைகள்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு அதிலுள்ள கோளாறு அவருக்குத் தெரிந்தது. கடவுள் அப்படிப் பரவியிருந்தால் சிட்டுக்குருவியிடம் இருப்பதைவிட யானையிடம் அதிகக் கடவுள் இருக்க வேண்டுமே! இடம் எவ்வளவோ அவ்வளவு கடவுள் என்றாகிவிடும். பல ஆண்டு கழித்து, 417இல், தர்தானுஸ் என்கிற அரச அதிகாரிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் முடிவான விடையைச் சொன்னார். கடவுள் பாதி இங்கே, பாதி அங்கே என்று பங்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் முழுமையாக இருக்கிறார், எந்த இடத்துக்குள்ளும் அடங்குவதில்லை. குருவிக்குக் கிடைப்பதும் முழுக் கடவுள்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினா தோமையார் இதை இன்னும் கறாராக்கினார். வல்லமையால் இருக்கிறார், எல்லாம் அவர் கண்முன் இருப்பதால் இருக்கிறார், ஒவ்வொன்றையும் அந்தந்தக் கணத்தில் இருக்கவைக்கிற காரணமாகவும் இருக்கிறார் என்று மூன்றாகப் பிரித்தார். ஓர் அரசனை உதாரணம் காட்டினார். அரசனின் அதிகாரம் நாடு முழுவதும் செல்லும், பார்வை அரண்மனைக்குள் செல்லும், ஆனால் அவன் உட்கார்ந்திருப்பது ஒரே ஆசனத்தில். கடவுளுக்கு இந்த மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக அமைகின்றன. அதே பகுதியில் ஒரு குறும்புக் கேள்வியையும் அவரே எழுப்பிக்கொள்கிறார்: அப்படியானால் கடவுள் பேய்க்குள்ளும் இருக்கிறாரா? நழுவவில்லை மனிதர். பேயும் இருக்கிற ஒன்றுதானே. இருக்கிற அளவுக்கு அதற்குள்ளும் இருக்கிறார், ஆனால் அதன் கோணல் அவரிடமிருந்து வந்ததல்ல என்கிறார். ஆகவே "பேய்க்குள் கடவுள் இருக்கிறார்" என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, "அது இருக்கிற அளவுக்கு" என்று சேர்த்தே சொல்ல வேண்டுமாம். இந்தப் பிரிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நமக்குத் தேவைப்படும்.

தத்துவம் இத்தனை போதும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. விவிலியத்தில் இந்தப் போதனை வருகிற இடங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். யாரும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து "கடவுள் எங்கே இருக்கிறார்" என்று ஆராய்வதில்லை. ஒவ்வொரு முறையும் அது ஒரு குறிப்பிட்ட ஆளிடம், ஒரு குறிப்பிட்ட நெருக்கடியில் சொல்லப்படுகிறது.

முதலில் வருகிறவள் ஆகார், எகிப்தியப் பெண், அடிமை. எஜமானியின் கொடுமை தாங்காமல் வயிற்றுப் பிள்ளையோடு பாலைவனத்துக்கு ஓடிவிடுகிறாள். ஒரு நீரூற்றருகே, என்னைக் காண்கிற கடவுள் நீர் என்று அவரை அழைக்கிறாள். விவிலியத்தில் கடவுளுக்குப் பெயர் சூட்டுகிற முதல் ஆள் குருவோ அரசனோ இல்லை, ஓடிப்போன ஒரு வேலைக்காரி. அந்தத் துரவுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. அடுத்து யாக்கோபு, அண்ணனை ஏமாற்றிவிட்டு ஓடுகிறவன். கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தபோதுதான், இங்கேயும் கடவுள் இருந்திருக்கிறார், தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நடுங்குகிறான். யோனா, கடவுள் போகச் சொன்ன திசைக்கு நேர் எதிராகக் கப்பலேறி ஓடுகிறார். அவருக்கு நேர்ந்தது நமக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம் எரேமியா இருக்கிறார். கனவு கண்டேன், கனவு கண்டேன் என்று சொல்லி மக்களை ஏய்க்கும் போலித் தீர்க்கதரிசிகளிடம், நான் பக்கத்தில் மட்டும் இருக்கிறவர் என்று நினைத்தீர்களா, ஒளிய ஓர் இடம் உண்டா என்று கடவுள் கேட்பதாக அவர் எழுதுகிறார். அங்கே அது ஆறுதல் இல்லை, எச்சரிக்கை. யோபுவுக்கு அது இன்னும் கசப்பு. எச்சில் விழுங்குகிற நேரத்துக்காவது என்மேலிருந்து பார்வையை எடுக்கக் கூடாதா என்று மன்றாடுகிறார். 139ஆம் சங்கீதத்தை நாம் இரங்கல் கூட்டங்களில் ஆறுதலாக வாசிக்கிறோம். அதன் நடுப்பகுதியை நிதானமாகப் படித்தால், தப்பிக்க வழி தேடிச் சலித்துப்போன ஒருவரின் குரலும் அதில் கேட்கும்.

இவர்களில் அல்சூருக்கு மிக நெருக்கமானவர் எசேக்கியேல் என்பது என் எண்ணம். கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசனையும் ஆசாரியர்களையும் கைவினைஞர்களையும் நாடுகடத்திக் கொண்டுபோனான். அந்தக் கூட்டத்தில் எசேக்கியேலும் ஒருவர், ஆசாரியர் குலம். கோயில் அங்கே, ஆசாரியர் இங்கே. இவருக்கு இனி என்ன வேலை? கேபார் என்கிற கால்வாய்க் கரையில் அவர் ஒரு காட்சி காண்கிறார். கடவுளின் சிம்மாசனம் வருகிறது, அதற்குச் சக்கரங்கள் இருக்கின்றன. சக்கரத்துக்குள் சக்கரம், திரும்பாமலே நான்கு திசைக்கும் ஓடும், வட்டம் முழுவதும் கண்கள். விசித்திரமான படம்தான். ஆனால் ஊரைவிட்டு வந்தவனுக்கு அது சொன்ன செய்தி எளிமையானது: சிம்மாசனம் எருசலேமில் ஆணியடித்து வைத்ததல்ல.

இந்தப் பேட்டையின் கதையும் ஊரைவிட்டு வந்தவர்களின் கதைதானே. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1809இல் அல்சூரை ஒட்டிக் கண்டோன்மென்ட் உருவானது. சென்னை ராணுவத்தோடு சிப்பாய்களும் கான்ட்ராக்டர்களும் சமையற்காரர்களும் வண்டிக்காரர்களுமாகத் தமிழர்கள் வந்திறங்கினார்கள். மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவு இன்றும் ஏரிக்கரையில் இருக்கிறது. அவர்களுக்கும் முன்னால், செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவ விவசாயிகள் இன்றைய சிவாஜிநகரில் ஒரு குடிசைக் கோயில் வைத்திருந்தார்கள் என்பது வழக்கு. அதுதான் வளர்ந்து, 1882இல் கட்டி முடிந்து, இப்போதைய மரியன்னை பசிலிக்காவாக நிற்கிறது. செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவிப் புடவை கட்டிக்கொண்டு அல்சூரிலிருந்து நடந்தே போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேலை உடுத்திய மாதா, தேர், தமிழ்ப் பூசை. போகிறவர்களில் பலர் கிறித்தவர்களும் இல்லை.

இங்கேதான் பழைய கேள்வி வருகிறது. எங்கும் இருக்கிறார் என்றால் சிவாஜிநகர் வரை எதற்கு நடக்க வேண்டும்? கோயிலை நோக்கிக் கால் நீட்டிய ஒளவையை அதட்டியபோது, அவர் இல்லாத திசையைக் காட்டு, அங்கே நீட்டுகிறேன் என்றாளாம். கிறித்தவத்திலும் அந்த ஒளவைக் குரல் உண்டு. கோயிலை அர்ப்பணித்த நாளிலேயே சாலொமோன், வானங்களும் கொள்ளாத உம்மை இந்த வீடா கொள்ளப்போகிறது என்றுதான் செபிக்கிறான். அவன் சொல்கிறான், ஆனாலும் கட்டியதை இடிக்கவில்லை. கவனியுங்கள்.

இந்த முடிச்சு ஒருமுறை ஐரோப்பாவின் புராட்டஸ்டன்ட் திருச்சபையையே பிளந்தது. 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்ளியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பதினைந்து தலைப்புகளில் பதினான்கில் உடன்பட்டார்கள். நற்கருணை அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் இருக்கிறதா என்பதில் நின்றுபோனது. ஸ்விங்ளியின் வாதம்: கிறிஸ்து உண்மையான மனிதர், மனித உடலுக்கு ஓர் இடம்தான், அது இப்போது விண்ணகத்தில் இருக்கிறது, எங்கும் இருக்கிற உடல் மனித உடலே அல்ல. லூத்தர் விடவில்லை. கடவுளின் வலப்பக்கம் என்பது வானத்து மூலையில் போட்ட பொன் நாற்காலியா? கடவுளின் வல்லமை எங்கும் இருப்பதால் அவரோடு ஒன்றான கிறிஸ்துவும் எங்கும் இருக்க முடியும். பேச்சு தொடங்குமுன்பே, கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை லத்தீனில் மேசைமேல் சாக்கட்டியால் எழுதி, மேல்விரிப்பால் மூடி வைத்திருந்தாராம். வாதம் முற்றியபோது விரிப்பை விலக்கிக் காட்டினார். அதற்குமேல் அவர் நகரவில்லை.

1706இல் தரங்கம்பாடிக்கு மிஷனரி சீகன்பால்க் வந்தபோது இந்த லுத்தரன் மரபும் கூடவே வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் முதலிய சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது தமிழ் லுத்தரன்கள் அதில் சேரவில்லை. காரணங்கள் பல, எல்லாவற்றையும் மார்பர்க் மேசைமேல் போடுவது நியாயம் அல்ல. ஆனாலும் மேல்விரிப்பின் ஒரு நுனி நம் ஊர்வரை நீண்டது என்று சொல்லலாம்.

இதற்கெல்லாம் தமிழ் மண்ணிலிருந்து ஒரு பதில் முளைத்தது. அதைத் தந்தவர் ஏ.ஜே. அப்பாசாமி. 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். அப்பா சைவத்திலிருந்து கிறித்தவரானவர், பின்னாளில் யோகப் பயிற்சியில் இறங்கியவர். மகன் ஆக்ஸ்போர்டில் யோவான் நற்செய்தியையும் பக்தி மரபையும் ஒப்பிட்டு 1922இல் டாக்டர் பட்டம் பெற்றார், 1950இல் கோயம்புத்தூரின் பிஷப்பானார். அவர் ஐரோப்பியச் சண்டைக்குள் போகாமல் ராமானுஜரிடம் போனார். ராமானுஜருக்கு உலகம் கடவுளின் சரீரம். கடவுள் அதற்குள் அந்தர்யாமி, உள்ளிருந்து தாங்கி நடத்துகிறவர். சரீரம் என்பதற்கு அவர் தரும் விளக்கத்தில் கையும் காலும் இல்லை. ஓர் ஆன்மா எதைத் தாங்கி, எதை ஆண்டு, எதைத் தனக்காகவே வைத்திருக்கிறதோ அது அதன் சரீரம். இந்தக் கண்ணோடு அப்பாசாமி யோவானைப் படித்தார். உலகத்தைப் படைத்த வாக்கு பெத்லகேமில் பிறக்கும் முன்பே உலகத்தில் இருந்தது என்கிறதே முதல் அதிகாரம். அந்த வாக்குதான் அந்தர்யாமி. மனிதராய் வருவதற்கு முன்பே எல்லாருக்குள்ளும் இருந்தவர் ஒரு காலத்தில் ஒரு முகத்தோடு வந்தார்.

இதில் எனக்குப் பிடித்தது, அப்பாசாமி வேண்டுமென்றே தாண்டாத ஒரு கோடு. உலகம் கடவுளின் சரீரம் என்றால் உலகமே கடவுள் என்று ஆகிவிடாது. "எல்லாம் அதுவே" என்கிற பக்கம் அவர் சாயவில்லை. பக்திக்கு இருவர் வேண்டும் என்பது அவர் நிலை. அகுஸ்தினாரைப் படித்த ஒருவர் ராமானுஜரைப் படிக்கும்போது அந்நிய வீட்டுக்குள் நுழைந்த கூச்சம் வராது. அதைத் தமிழ்க் கிறித்தவர் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே கண்டு எழுதிவைத்திருக்கிறார், நம் பிரசங்க மேடைகளில் அவர் பெயர் கேட்பது அபூர்வமாக இருக்கிறது. சின்ன வருத்தம்தான், சொல்லிவைக்கிறேன்.

இனி நடப்புக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் கோயில், சர்ச், மசூதி எல்லாம் பூட்டினார்கள். பூசை செல்போனுக்கு வந்தது. கத்தோலிக்கர்கள் திரையில் பூசை கண்டு, மனத்தளவில் நற்கருணை வாங்கிக்கொண்டார்கள். சில புராட்டஸ்டன்ட் சபைகளில் வீட்டிலேயே ரொட்டியும் திராட்சை ரசமும் வைத்துக்கொள்ளுங்கள், இங்கிருந்து ஆசீர்வதிக்கிறோம் என்றார்கள். எங்கும் இருக்கிறவருக்கு வைஃபை ஒரு தடையா என்று கேட்டவர்களும் உண்டு. மார்பர்க் வாதம் வாட்ஸப்பில் நடந்தது.

என் கருத்தைக் கேட்டால், அன்று அவசரத்துக்குச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எங்கும் இருப்பவர் கடவுள், நாம் அல்ல. நமக்கு உடம்பு இருக்கிறது. ஓரிடத்தில் இருந்தால் மற்ற இடத்தில் இருக்க மாட்டோம். விருந்து என்றால் ஒரே பந்தியில் தோள் உரச உட்காருவது. கோயில் கடவுளுக்குத் தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகிறது. சாலொமோன் இடிக்காமல் விட்டதும் அதனால்தான். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். தமிழ்க் கிறித்தவத்தில் இந்தப் போதனைக்கு வந்த பெரிய சோதனை ஐரோப்பாவிலிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வந்தது. புதுச்சேரிக் கோயிலுக்குள் தலித் கிறித்தவர்களைத் தள்ளிவைக்க எழுப்பியிருந்த சுவரைப் பற்றியும், அது உடைக்கப்பட்டதைப் பற்றியும், சாதிக் கிறித்தவர்கள் கொதித்ததைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745இல் எழுதியிருக்கிறார். அதே 1745இல்தான் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், கோயிலில் உட்காருவதிலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலைவிட்டே வெளியேறினார்கள்.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். ஜனங்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். இரண்டு நீண்ட மண்டபங்கள் கால்சட்டையின் இரண்டு கால்போல விரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார், நடுவே தடுப்பு. பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தாருக்கு மறுபக்கத்தார் தெரியமாட்டார்கள்.

கட்டடக் கலையாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். இறையியலாகப் பார்த்தால் நான் இதுவரை சொன்ன போதனையைத் தலைகீழாக்கிக் கட்டியது. கடவுள் இரண்டு காலிலும் முழுமையாக இருக்கிறார் அல்லவா, அகுஸ்தினாரே சொல்லிவிட்டார், பிறகு நீ எந்தக் காலில் உட்கார்ந்தால் என்ன? இந்தக் கேள்வியில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. அதை யாரிடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். தள்ளிவைக்கப்பட்டவரிடம்தான் கேட்கிறார்கள். எங்கும் இருக்கிறாரே, நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உட்காருங்கள் என்று முன்வரிசைக்காரரிடம் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. ஆகாரிடம் சொன்னதை எஜமானி தன் வசதிக்கு எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். தோமையாரின் பிரிப்பு இங்கே உதவுகிறது. அந்தத் தடுப்பின் ஒவ்வொரு செங்கல்லிலும் கடவுள் இருக்கிறார், செங்கல் இருக்கிற அளவுக்கு. செங்கல்லை அந்த இடத்தில் அடுக்கிய எண்ணத்தில் அவருக்குப் பங்கில்லை.

அந்தத் தடுப்பை 1910இல் கோசானல் என்கிற யேசு சபைச் சாமியார் இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள், அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கோயிலுக்குள் சாதிக்குத் தனி இடம் கேட்பது ஓர் உரிமை ஆகாது என்று தீர்ப்பானது. ஆனால் சுவர்கள் கோயிலைவிட்டுக் கல்லறைக்கு நகர்ந்தன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் தடுப்புச் சுவரைப் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருப்பீர்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இன்னும் இருக்கிறது என்று ஆயர்களே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.